கரண்ட் வைத்தால் தொடை ஏறுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

அண்ணா, எனக்கு 26 வயது. கபடியில் முட்டி திரும்பி ஏசிஎல் ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து 5 வாரம் ஆகிறது. அந்தக் கால் தொடை சூம்பிப்போய்விட்டது, கையால் பிடித்தால் தொளதொளவென்று இருக்கிறது. படுத்துக்கொண்டு காலை நீட்டித் தூக்கினால் முட்டி லேசாக மடங்கிக்கொள்கிறது. ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கு ஒரு கரண்ட் மெஷின் வருகிறது. உடற்பயிற்சி செய்யாமலே தசை ஏறும் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? உங்களுக்கும் இதே ஆபரேஷன் நடந்ததாக எழுதியிருந்தீர்கள்.

பிப்ரவரி 11, இரவு

வாங்காதே தம்பி. 2019 பொங்கல் வாலிபால் மேட்சில் எனக்கு ஜவ்வு போனது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கிளினிக்கில் 14 நாள் கரண்ட் வைத்தார்கள். தினம் 300 ரூபாய், போக வர ஆட்டோ தனி. எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அவ்வளவுதான். தொடை ஒரு நூல்கூட ஏறவில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிச் சாப்பிடு.

பிப்ரவரி 12, காலை

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். இரவெல்லாம் உறுத்தியது. காலையில் பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அந்த 14 ரசீதிலும் "ஐஎஃப்டி" என்றுதான் இருக்கிறது. அது வலிக்கு வைக்கிற கரண்ட். தசையை ஏற்றுவதற்காக எனக்கு அங்கே யாரும் எதுவும் வைக்கவே இல்லை. ஐந்து வருஷமாக நான்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லோரிடமும் கரண்ட் வீண் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "கரண்ட் வைக்கிறாங்க" என்று ஒரே பேச்சு. உள்ளே ஆள் வேறு வேறு. டென்ஸ் என்கிற வலி மெஷின் தோலில் இருக்கிற உணர்ச்சி நரம்பைச் சீண்டி வலியை அமுக்குகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன வாசல் கோட்பாடுதான் அதற்கு அடிப்படை: தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, தொடுவுணர்ச்சி முந்திக்கொண்டால் வாசல் சாத்திக்கொள்கிறது. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அதேதான். ஐஎஃப்டியும் பெரும்பாலும் வலிக்குத்தான் வைக்கிறார்கள். நீ கேட்பது மூன்றாவது ஆள், மசில் ஸ்டிமுலேட்டர். அது தசைக்குப் போகிற இயக்க நரம்பைப் பிடித்துத் தசையை நிஜமாகவே சுருங்க வைக்கும். அதில் எறும்பு ஊராது, தொடை கல்லாகும்.

ஆக, நேற்று எழுதிய "வாங்காதே"யைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அந்த மெஷின் இந்த மூன்றில் எது என்று முதலில் பார். அட்டைப்பெட்டியின் படம் எடுத்துப் போடு.

பிப்ரவரி 12, மதியம்

முட்டி மடங்குகிறது என்றாயே, அதை விட்டுவிட்டேன். பிசியோக்கள் அதை "லேக்" என்பார்கள். காலைத் தூக்குவது இடுப்புத் தசை. முட்டியை நேராகப் பூட்டிவைப்பது தொடையின் முன்தசை. அது வேலைக்கு வரவில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். வலி எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, உன் பிசியோவிடம் இதை முதலில் சொல்.

பிப்ரவரி 14

சரி, எனக்கு உண்மையில் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கிளினிக்கை நிறுத்திய பிறகு, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பிசியோ அம்மாவிடம் போனேன். வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மர நாற்காலி, ஒரு மெஷின். முதல் நாள் முட்டிக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, "அமுக்குங்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். அவர் என் தொடையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க முகத்தைத்தான் இறுக்குறீங்க, தொடை தூங்குது" என்றார். கையை எடுத்து என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். பிசைந்த மாவுபோல இருந்தது. என் கால்தான், ஆனால் நான் சொல்வது அதன் காதில் விழவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்காலை ஒரு பெல்ட்டால் நாற்காலிக் காலோடு கட்டினார். கரண்ட் இழுக்கும்போது கால் உதைத்துவிடக் கூடாது, புது ஜவ்வுக்கு ஆகாது. கரண்ட் இறங்க, தோலில் ஒட்டுகிற பேடு இரண்டு, உள்ளங்கை அகலத்தில். ஒன்று தொடையின் மேலே வெளிப்பக்கமாக, இன்னொன்று முட்டிக்குச் சற்று மேலே உள்பக்கமாக. குமிழைத் திருகத் திருக முதலில் சுருசுருவென்றது, பிறகு குத்தியது. "போதும்" என்றேன். "இது ஆரம்பம்கூட இல்லை" என்றார். இன்னும் நாலு சுற்று. திடீரென்று முட்டிச்சிப்பி தானாக மேலே ஏறியது. முட்டிக்கு உள்பக்கம் ஆறு வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தக் கண்ணீர்த்துளி வடிவத் தசை, தோலுக்கடியில் எலி ஓடியதுபோல எழுந்து நின்றது. பத்து நொடி. பிறகு விட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க மூளையும் தொடையும் பேசிக்கிறதில்லை தம்பி. நடுவுல நின்னு நான் பேசவைக்கிறேன். ஆனா நீங்களும் பேசணும். கரண்ட் வரும்போது சும்மா உக்காராதீங்க, கூடவே நீங்களும் இறுக்குங்க."

பத்து நொடி இழுப்பு, ஐம்பது நொடி ஓய்வு. அன்று பத்து முறை. சட்டை நனைந்துவிட்டது. கிளினிக்கில் 14 நாளும் ஃபேனுக்கடியில் படுத்து நான் தூங்கியே போனவன்.

பிப்ரவரி 15

தொடை ஏன் பேச்சு கேட்பதில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நரம்பு அறுந்துவிட்டதா என்றும் கேட்டார். இல்லை. மூட்டு வீங்கி நீர் கோத்திருக்கும்போது, அங்கிருந்து போகிற செய்தி தண்டுவடத்தில் முன்தசைக்கான நரம்பணுக்களை அடக்கிவிடுகிறது. உடம்பு தன் மூட்டைக் காப்பாற்றச் செய்கிற வேலை. காயமே இல்லாத நல்ல முட்டியில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றிப் பார்த்த சோதனைகள் உண்டு. வலி இல்லை, அடி இல்லை, ஆனாலும் முன்தசை அடங்கிப்போகிறது. அதனால்தான் வீக்கம் இருக்கிற வரை நீ எவ்வளவு முக்கினாலும் முழுத் தசையும் எழுந்திருக்காது. கரண்ட் அந்தப் பூட்டைத் தாண்டி, தொடைக்குள்ளேயே இருக்கிற நரம்புக் கிளையை நேராகத் தட்டுகிறது.

ஐஸ் வைப்பதை நிறுத்தாதே. வீக்கம் இறங்குவதும் தசை ஏறுவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

பிப்ரவரி 18

"எவ்வளவு வைக்கணும், எனக்கு 20 போதும்னு தோணுது" என்று தம்பி கேட்டிருக்கிறான். மெஷினை வாங்கியேவிட்டான் போல. மெஷினில் காட்டுகிற எண்ணை விடு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு கணக்கு, பேடு காய்ந்தால் அதுவும் மாறும். தொடை என்ன செய்கிறது என்பதைப் பார்.

இதில் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் லின் ஸ்னைடர்-மேக்லரும் சகாக்களும் 1995இல் வெளியிட்டது. ஏசிஎல் ஆபரேஷன் ஆன 110 பேரைப் பிரித்து, நாலு வாரம் வெவ்வேறு விதமாகப் பழக்கினார்கள். பலமான கரண்ட் வாங்கியவர்களின் தொடை, நல்ல காலின் பலத்தில் 70 சதவீதமோ அதற்கு மேலோ வந்தது. கரண்ட் இல்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 57. வீட்டில் வைக்கிற சின்ன பேட்டரி மெஷினில் மெல்லிய கரண்ட் வாங்கியவர்களுக்கு 51. கடைசி இரண்டு எண்ணையும் இன்னொரு முறை பார். மெல்லிய கரண்ட், கரண்டே இல்லாத பயிற்சிக்கும் கீழே போய்விட்டது.

அதனால் "சுகமா இருக்கு" என்கிற அளவில் வைத்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். தாங்க முடிகிற அளவின் விளிம்பு வேண்டும். மூச்சைப் பிடிக்காமல் பல்லைக் கடிக்கிற அளவு. மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை தோல் பழகிவிடும், அப்போது இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

பிப்ரவரி 18, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் முதல் நாளே முழுக்கத் திருகிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் தசை என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். மறுநாள் எனக்குத் தொடை அப்படி வலித்தது, மாடிப்படி இறங்க முடியவில்லை. நாமாக இறுக்கும்போது சின்ன தசைநார்க் கூட்டம் முதலில், பெரியவை பிறகு என்று முறை வைத்து வரும், ஒன்று களைத்தால் இன்னொன்று மாற்றிவிடும். கரண்டுக்கு அந்த முறை தெரியாது. பேடுக்குப் பக்கத்தில் இருக்கிற அதே நார்களை மறுபடி மறுபடி ஒரே நேரத்தில் இழுக்கும். சீக்கிரம் களைப்பதும் அதிகம் வலிப்பதும் அதனால்தான். 50 நொடி ஓய்வைக் குறைக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

பிப்ரவரி 20

தம்பி படம் போட்டிருக்கிறான். அது டென்ஸ் மெஷின். பெட்டியில் ஒரு பயில்வான் படம், உள்ளே வலி மெஷின், ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு பேடு. திருப்பி அனுப்பிவிடு.

என் மெஷின் பரணில் சும்மா கிடக்கிறது. பிசியோ அம்மா சொல்லி வாங்கியது. நொடிக்கு 50 துடிப்பு, ஒரு துடிப்பு 300 மைக்ரோ நொடி, இரண்டு நொடியில் மெதுவாக ஏறும். உன் பிசியோ பார்த்துச் சரி என்று சொன்னால் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். பேடு மட்டும் நீ புதிதாக வாங்கவேண்டும், பெரிய அளவில். என்னுடையது காய்ந்து அப்பளம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 21

பேடு பற்றி ஒன்று. பழைய பேடை இன்னும் நாலு நாள் ஓட்டலாம் என்று நான் வைத்துப் பார்த்தேன். ஓரம் தூக்கிக்கொண்டு நடுவில் மட்டும் ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பரவவேண்டிய கரண்ட் ஓர் எட்டணா அகலத்தில் இறங்கியது. சுருக்கென்று குத்தியது, இழுப்பு நல்லா இருக்கு என்று நினைத்துத் தாங்கிக்கொண்டேன். எடுத்துப் பார்த்தால் தோலில் சிவந்த வட்டம், மறுநாள் கொப்புளம். தழும்பு இன்னும் இருக்கிறது.

இழுப்பு என்றால் ஆழத்தில், தொடை முழுக்க இருக்கும். ஒரே புள்ளியில் ஊசி குத்துவதுபோல இருந்தால் உடனே நிறுத்து. வைக்கும் முன் தொடையைக் கழுவித் துடை, எண்ணெய் இருக்கக் கூடாது. பேடு காய்ந்தால் விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவு. முடிந்ததும் அதன் பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வை. இரண்டு தடவை ஓரம் தூக்கினால் அது குப்பை.

பிப்ரவரி 25

இந்த 10 நொடி, 50 நொடி கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

சோவியத் நாட்டில் யாகோவ் கோட்ஸ் என்ற விஞ்ஞானி 1971இல் இளம் விளையாட்டு வீரர்களை வைத்து இதைச் செய்து பார்த்தார். இழுப்பு 10 நொடியைத் தாண்டினால் தசை களைத்து விசை இறங்குகிறது, ஓய்வு 50 நொடிக்குக் குறைந்தால் அடுத்த இழுப்பு பழைய பலத்துக்கு வருவதில்லை என்று கண்டார். பத்து முறை செய்தால் பத்து நிமிஷம். பிறகு 2,500 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை நொடிக்கு 50 கொத்தாக வெட்டிக் கொடுத்தார், தோலில் உறுத்தல் குறையும் என்று. இன்றும் பிசியோ மெஷின்களில் "ரஷ்யன்" என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது இவர் வழியாக வந்தது. 1977இல் கனடாவில் மான்ட்ரியல் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் இதை அவர் விளக்கினார். 40 சதவீதம் வரை பலம் ஏறியது என்ற பேச்சு அங்கிருந்துதான் மேற்கு நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் காயமில்லாத ஆட்களிடம் மற்றவர்கள் செய்து பார்த்தபோது, கரண்டால் பலம் கூடுவது நிஜம், ஒழுங்காகச் செய்கிற சாதாரணப் பயிற்சியைவிட அது மேல் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நல்ல காலில் உன் மூளையே அந்த வேலையைச் செய்துவிடும். ஆபரேஷன் ஆன காலில்தான் மூளைக்கு வழி அடைத்திருக்கிறது. கரண்டுக்கு மதிப்பு அங்கே.

இன்னும் பின்னே போனால் 1791இல் போலோனியாவில் தவளைக்கால் துடித்ததை எழுதிய கால்வானி வரை போகும். வேண்டாம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 28

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன், 64 வயது, இதைச் செய்யலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

மூட்டு மாற்றினால் முதல் மாதத்தில் முன்தசையின் பலம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. எழுந்திருக்க, டாய்லெட்டில் உட்கார, படியேற எல்லாமே அந்தத் தசைதான். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 66 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் முடிந்து 48 மணி நேரத்திலேயே ஆரம்பித்து, தினம் இரண்டு வேளை, வேளைக்கு 15 இழுப்பு, ஆறு வாரம் கொடுத்தார்கள். வழக்கமான பயிற்சியும் கூடவே. மூன்றரை வாரத்தில் தசை பலம், நடை, படியேறுவது எல்லாவற்றிலும் அவர்கள் முந்தியிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து இடைவெளி சின்னதாகிவிட்டது, ஆனால் இருந்தது. சீக்கிரம் ஆரம்பித்ததுதான் அதில் பெரிய விஷயம்.

ஆகவே அக்கா, டாக்டரிடம் கேளுங்கள், தள்ளிப்போடாமல் இந்த வாரமே கேளுங்கள். தையல் மேல் பேடு படக் கூடாது. அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

பிப்ரவரி 28, சற்று நேரம் கழித்து

பேஸ்மேக்கரோடு மற்றதையும் எழுதிவிடுகிறேன். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து வீங்கியிருந்தால் வைக்கக் கூடாது. புற்றுநோய்க் கட்டி இருக்கிற இடம், புண், உணர்ச்சி இல்லாத தோல் இவற்றின் மேல் கூடாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடுபட்டாலும் தெரியாது. கழுத்தின் முன்பக்கமும் நெஞ்சுக்குக் குறுக்கேயும் எப்போதும் கூடாது.

மார்ச் 2

முகவாதத்துக்கு முகத்தில் கரண்ட் வைக்கலாமா என்ற கேள்வி வந்திருக்கிறது. என் அத்தைக்கு வைத்தார்கள், சரியானது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு முகவாதம் தானாகவே சரியாகிவிடும். அத்தைக்குக் கரண்டால்தான் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது: வாய் கோணிய மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கவேண்டும். கை கால் பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொன்று, நரம்பே அறுந்த தசைக்கு நம் மெஷின் வேலை செய்யாது. 300 மைக்ரோ நொடித் துடிப்பு நரம்பை எழுப்பத்தான் போதும். நரம்பு இல்லாமல் தசைநாரையே நேராக எழுப்ப, அதைவிட நூறு மடங்கு நீளமான துடிப்பு வேண்டியிருக்கிறது. அது வேறு மெஷின், வேறு ஆள் கை.

மார்ச் 3

வயிற்றில் பெல்ட் கட்டினால் தொப்பை கரையுமா என்பவருக்கு: கரையாது. கரண்ட் வைத்தால் தசைதான் சுருங்கும், கொழுப்பு சுருங்காது. 2002இல் அமெரிக்க வணிக ஆணையம் இப்படி விளம்பரம் செய்த மூன்று வயிற்று பெல்ட் வியாபாரங்கள்மேல் வழக்கே போட்டது.

உடம்பு முழுக்க உடையாக மாட்டிக்கொண்டு 20 நிமிஷம் செய்கிறார்களே, அதைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன. பழக்கமில்லாதவரை முதல் நாளே கடுமையாக வைத்து, தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ஜெர்மனியில் இதற்கென்று வகுத்த நெறிமுறையே முதல் வாரங்களில் மெல்லத் தொடங்கு, வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்கிறது. செய்த மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டில் படுக்காதீர்கள், ஓடுங்கள்.

மார்ச் 5

பிப்ரவரி 14 அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிசியோ அம்மாவிடம் போன எட்டு வாரத்தில் என் தொடைச் சுற்றளவு 43இலிருந்து 45.5 செ.மீ. ஆனது. அதை இங்கே இன்னும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோது நோட்டை எடுத்துப் பார்த்தேன். கரண்ட் ஆரம்பித்த மூன்றாவது வாரமே நிற்கிற சைக்கிளும் ஆரம்பித்திருக்கிறேன், ஐந்தாவது வாரம் லெக் பிரஸ். வீட்டில் என் அம்மா தினம் மூன்று முட்டை கொடுத்திருக்கிறார். இரண்டரை செ.மீ.யில் எது யாருடையது என்று பிரிக்க என்னால் முடியாது.

எது கரண்டுடையது என்று உறுதியாகத் தெரியுமோ அதைச் சொல்கிறேன். அது முதல் பத்து நாள். டவலை அமுக்கும்போது எந்தத் தசையை இறுக்கவேண்டும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியவே இல்லை. கரண்ட் இழுத்துக் காட்டியது, பின்னாலேயே நான் பிடித்துக்கொண்டேன். பதினோராம் நாள் பிசியோ அம்மா கரண்ட் வரும் முன்பே சுவிட்சை அணைத்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். பத்து நொடி எண்ணி முடித்த பிறகுதான் மெஷின் விளக்கு எரியவில்லை என்று பார்த்தேன். முட்டிச்சிப்பி மேலே நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை, டவலை மடித்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்.

மார்ச் 9

தம்பி எழுதியிருக்கிறான், மெஷின் ஆரம்பித்து இரண்டு வாரம். லேக் போய்விட்டதாம், கால் நேராகத் தூக்குகிறதாம். பிசியோ சைக்கிளுக்கு அனுப்பியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

இனி சைக்கிளும் படியும்தான் உனக்கு முக்கியம் தம்பி, மெஷின் வாரம் மூன்று நாள் போதுமா என்று பிசியோவைக் கேள். கபடி மைதானத்துப் பக்கம் ஒன்பது மாதமாவது போகாதே, தொடை எவ்வளவு ஏறினாலும் உள்ளே ஜவ்வு தன் கணக்கில்தான் பிடிக்கும்.

அப்புறம், தொடையை அளந்து நீ போட்ட படத்தில் டேப் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. முட்டிச்சிப்பியின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. அளந்து பேனாவால் இரண்டு காலிலும் கோடு போடு. தையற்காரர் டேப்பை அந்தக் கோட்டின் மேல் நேராகச் சுற்று, இறுக்காதே. காலையில், சைக்கிளுக்கு முன்னால். மறுபடி அளந்து போடு.